கைப்பிடிக்கு ஒரு பாடு

“செவ்வாய், காலை ஆறு பத்து. ஏரியில் இறால் பிடிக்கும் ஆட்களைக் கூப்பிட முடியவில்லை. பேச்சு துண்டு துண்டாகப் போகிறது. கடலில் இருக்கும் போட்டுகளுக்கு மட்டும் நன்றாகக் கேட்கிறதாம். லைட்ஹவுஸ் குப்பத்து டவரில் உட்கார்ந்திருக்கும் பெண் அவர்கள் ஊர்க்காரி. வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைக்கிறோம். விசாரிக்கவும்.”

பழவேற்காடு டவர் நிலையத்தின் புகார் நோட்டில் ஓர் இறால் வியாபாரி எழுதியது இது. மாதம் ஐப்பசி. எழுதியது செவ்வாய், என் கைக்கு வந்தது வெள்ளி. எந்தத் தாளிலும் எழுதிய நாளையும் வந்து சேர்ந்த நாளையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்வது என் பழக்கம். பழைய ஊர்களின் வரலாறு, கப்பல் குறிப்பேடுகள் என்று கிடைத்ததையெல்லாம் படித்ததில் ஒட்டிக்கொண்டது. இந்தப் பழக்கம் இருந்தும் நான் எப்படி ஏமாந்தேன் என்பதைத்தான் இப்போது வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இனி இதை ஒளித்து வைப்பதில் எனக்கு லாபமில்லை.

அது ஒரு சோதனைத் திட்டம், நான் அதன் பொறுப்புப் பொறியாளர். இரண்டு டவர். ஒன்று பழவேற்காட்டில், ஏரியில் இருப்பவர்களுக்கு. இன்னொன்று லைட்ஹவுஸ் குப்பத்தில், கடலில் இருப்பவர்களுக்கு. காற்று, நீர்மட்டம், முகத்துவாரத்தின் நிலை, மீன் விலை எல்லாம் கையடக்க செட்டில் வரும். அவர்களும் திருப்பிப் பேசலாம். எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு அலைவரிசை. அந்த இடத்தில் மலை கிடையாது, உயரமான கட்டடம் கிடையாது. தண்ணீர் பாய் விரித்தது போலக் கிடக்கும். ஆகவே குப்பத்து டவர் கடலுக்குச் சொல்வது ஏரியிலும் விழும், பழவேற்காட்டு டவர் ஏரிக்குச் சொல்வது கடலிலும் விழும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. முதலாவது, முறைவைத்துப் பேசுவது. ஒரு டவர் பேசும்போது மற்றது வாயை மூடிக்கொள்ளும். சண்டை வராது, ஆனால் இருவருக்கும் பாதி நேரம்தான். இரண்டாவது, சேர்ந்து பேசுவது. ஒவ்வொரு டவரிலும் நான்கு ஆன்டெனா உண்டு. ஒரு செட்டுக்கும் டவருக்கும் இடையே உள்ள பாதை அந்த நொடியில் எப்படி இருக்கிறது என்று டவருக்குத் தெரிந்தால், நான்கு ஆன்டெனாவிலிருந்தும் போகும் அலைகள் அந்தச் செட் இருக்கும் இடத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும்படி அனுப்பலாம். குப்பத்து டவர் கடலுக்குப் பேசிக்கொண்டே இருக்கும், ஏரியில் நிற்பவர் காதில் அது விழாது. பழவேற்காட்டு டவரும் அப்படியே. இருவருக்கும் முழு நேரம். நாங்கள் அதைத்தான் பெருமையாக ஓட்டினோம்.

பாதை நிலவரத்தை அளப்பது செட்தான். ஏரிச் செட்டுகள் அளந்து பழவேற்காட்டு டவருக்குச் சொல்லும். பழவேற்காடு அதை இரண்டு டவரையும் இணைக்கும் ஒரு லிங்க் வழியாகக் குப்பத்துக்கு அனுப்பும். கடல் செட்டுகளின் கணக்கு குப்பத்திலிருந்து பழவேற்காட்டுக்கு எதிர்த்திசையில் போகும். இவ்வளவு தெரிந்தால் போதும், மீதியைத் தொடரலாம்.

குப்பத்து டவரில் இரண்டு ஆபரேட்டர்கள். ஒருவர் அனுப்பம்பட்டிலிருந்து வருபவர். விதிப் புத்தகத்தில் இருப்பதற்கு மேல் ஒரு பொத்தானையும் தொடமாட்டார். இன்னொருவர் சுகந்தி. டிப்ளமோ படித்தவள், அதே குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மாமா என்று கூப்பிடும், கணவனின் அண்ணன் தேசிங்குக்குச் சொந்தமாக ஃபைபர் படகு உண்டு, ஊர்ப் பஞ்சாயத்திலும் உட்காருபவர். சுகந்தியின் வேலை தற்காலிகம். சோதனை முடியும்போது என் அறிக்கையைப் பார்த்து நிரந்தரமாக்குவார்கள் அல்லது அனுப்பிவிடுவார்கள். அந்தக் குப்பத்தில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் மருமகள் அவள். போனால் இன்னொன்று கிடைக்காது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

புகாரைப் படித்ததும் நான் டவரின் லாக்கை, அங்கே நடப்பதெல்லாம் நேரத்தோடு தானாகப் பதிவாகும் கணக்கை, எடுத்தேன். சந்தேகப்படுவது என் தொழிலில் பாதி. பெயரைப் பார்த்துச் சந்தேகப்படக் கூடாது என்பது மற்றப் பாதி, அதை நான் அன்று மறந்தேன். லாக்கில் சுகந்தியின் உள்நுழைவுக் குறியீடு இருந்தது. காலை ஐந்தே முக்காலுக்கு யாரோ அந்தக் குறியீட்டைப் போட்டு உள்ளே போய் ஏதோ மாற்றியிருக்கிறார்கள். எட்டரைக்குப் பழையபடி வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் இல்லை, பல நாள்.

சனிக்கிழமை நேராகக் குப்பத்துக்குப் போனேன். டவர் அறைக்கு வெளியே கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. சுகந்தி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“காலையில அஞ்சே முக்காலுக்கு செட்டிங் மாத்தறது நீதானாம்மா?”

அவள் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தாள். “நான்தான் சார்.”

“எதுக்கு?”

“சும்மா, டெஸ்ட் பண்ணேன்.”

“டெஸ்ட்டா? யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல சார்.”

“யாரும் சொல்லாம இத்தன நாளு டெஸ்ட்டு பண்ணியா? ஏரிக்காரங்க புகார் குடுத்திருக்காங்க. உங்க ஊரு போட்டுக்கு நல்லா கேக்குது, அவங்களுக்குக் கேக்கலைன்னு.”

அவள் முகத்தில் எதிர்பாராத ஒன்று வந்தது. சிரிப்புக்கும் கோபத்துக்கும் நடுவில் ஏதோ. “எங்க ஊரு போட்டுக்கு நல்லா கேக்குதுனு யாரு சார் சொன்னது? எங்க மாமாவ கேளுங்க.”

வாசலில் தேசிங்கு நின்றிருந்தார். எப்போது வந்தாரென்று தெரியவில்லை. அவரைப் பார்த்ததும் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

“கேளுங்க சார்,” என்றார் தேசிங்கு. “சில நாளு காலையில வெல கேட்டா பதிலு வர்றதுக்குள்ள மீனு கருவாடாப் பூடுது. இன்னா டவரு வச்சிக்கீறீங்களோ.”

நான் அதையும் குறித்துக்கொண்டேன். ஆனால் நம்பவில்லை. தம்பி மனைவியைக் காப்பாற்ற வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சொன்ன பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். திரும்பவும் அவளைக் கேட்டேன். அவர் நிற்கும்வரை அவள் வாயே திறக்கவில்லை. வாய் திறக்காதவர்களைக் குற்றவாளி என்று முடிவுகட்டுவது எளிது. அவள் யாருக்கு முன்னால் வாய் திறக்கவில்லை என்று நான் யோசிக்கவில்லை.

ஞாயிறு முழுக்க மேலதிகாரியின் போன். திங்கள் காலை அவர் மேலே பதில் சொல்ல வேண்டும். “ஆள் தெரிஞ்சுதா இல்லையா? தெரிஞ்சா எழுதுங்க. சயன்ஸ் எல்லாம் அப்புறம்.” நான் எழுதினேன். ‘பணியாளர் அனுமதியின்றி அமைப்பை மாற்றியதை ஒப்புக்கொண்டார். தம் ஊர்ப் படகுகளுக்குச் சாதகமாக நடந்துகொண்டதாகக் கருத இடமுண்டு.’ அந்த ‘கருத இடமுண்டு’ என்ற சொல் எனக்கு அப்போது மிகவும் நியாயமானதாகப் பட்டது. உறுதியாகச் சொல்லாததால் பொய் இல்லை என்று நினைத்தேன். படிப்பவர் அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விடுவார் என்பது எனக்குத் தெரியாததல்ல. செவ்வாய்க்கிழமை சுகந்தியை வீட்டில் இருக்கச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

நியாயமாகப் பார்த்தால் அதன் பிறகு ஏரியில் புகார் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. புதன், வியாழன், வெள்ளி, சனி என்று தினமும் வந்தது. அதுவரை விட்டு விட்டு வந்தது இப்போது விடாமல் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் புகார் நோட்டையும் டியூட்டி நோட்டையும் முதன்முறையாக ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்தேன். புகார் வந்த காலைகளெல்லாம் அனுப்பம்பட்டுக்காரர் டியூட்டியில் இருந்த காலைகள். சுகந்தி இருந்த காலைகளில், அதாவது அவள் அமைப்பை மாற்றிய காலைகளில், ஏரியிலிருந்து ஒரு புகார்கூட இல்லை. அந்த நாட்களில் குறை சொன்னவர் தேசிங்கு மட்டும்தான்.

தேதியைப் பொறுத்தவரை என்னை யாரும் குறை சொல்ல முடியாது என்று நினைத்து வாழ்ந்தவன் நான். இரண்டு நோட்டும் எட்டு நாளாக என் கைக்கெட்டிய இடத்திலேயே இருந்தன.

அப்போதும் நான் சுகந்தியிடம் போகவில்லை. நிரபராதி என்று நம்பவும் எனக்கு மனம் வரவில்லை. ஏரிக்காரர்கள் அவளோடு சேர்ந்து நாடகம் ஆடுகிறார்களோ என்றுகூட நினைத்தேன். திங்கள் விடியலில் பழவேற்காட்டில் ஏரிக்கரைக்கு வந்தேன். புகார் எழுதியது வியாபாரி. செட் இருப்பது இறங்கிப் பிடிப்பவர்களிடம். அவர்களில் ஒருவரிடமும் அதுவரை நாங்கள் யாரும் பேசியதில்லை.

இடுப்பளவு தண்ணீரில் மங்கம்மா நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். பறி என்னும் ஓலைக்கூடையின் வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் எடுப்பார். செட்டைத் தலையில் சும்மாட்டுக்குள் செருகியிருந்தார். நான் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். பெயரைச் சொன்னேன்.

பறியை வாயிலிருந்து எடுத்தார். “அந்தப் பொண்ண ஊட்டுக்கு அனுப்புனவருதானே நீங்க?”

“விசாரணை நடக்குதும்மா.”

“இன்னாத்த விசாரண? அது இருந்தப்ப கேட்டுது. இப்ப கேக்கல. எழுதிக்கோங்க.”

“அந்தப் பொண்ணு உங்களுக்காகத்தான் ஏதோ செஞ்சிதுன்னு சொல்றீங்களா?”

“அது இன்னா செஞ்சிதோ எனக்கு இன்னா தெரியும்? குப்பத்துல நண்டு விக்கப் போனேன். செட்டு விட்டு விட்டு வருதும்மானு சொன்னேன். நீங்க எப்ப தண்ணிக்கு எறங்குவீங்கனு கேட்டுது. விடிகாலையில, எட்டு எட்டரைக்கு ஏறிடுவோம்னேன். சரி போ ஆயானு அனுப்பிச்சிது. மறுநாளு நல்லா வந்துது. உங்க ஆளுங்க ஒருத்தரும் அதக் கேக்கல.”

“இப்ப எப்படி வருது?”

“நின்னா வருது சார், நடந்தா போவுது.”

சொல்லிவிட்டு அவரே செய்து காட்டினார். அசையாமல் நின்றார். பழவேற்காட்டு நிலையத்தின் குரல் தெளிவாகக் கேட்டது. நாலு எட்டு எடுத்து வைத்தார். குரல் உடைந்து நொறுங்கியது. நிற்கச் சொன்னேன். நின்றார். உடனே சரியாகவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில நொடிகள் கழித்துக் குரல் திரும்பக் கூடிவந்தது. திரும்பவும் நடக்கச் சொன்னேன், நிற்கச் சொன்னேன். ஐந்தாறு முறை. ஒவ்வொரு முறையும் அதே போல.

“நின்னுக்குனே இருந்தா இறா தானா வந்து பறியில வுழுமா?” என்றார் மங்கம்மா. “இல்ல, நீங்க வந்து பொறுக்கிப் போடறீங்களா?”

நாங்கள் திட்டம் தொடங்கும் முன் பல நாள் சோதனை செய்திருந்தோம். கரையில் முக்காலி போட்டு, செட்டை அதன்மேல் வைத்து. முக்காலி நடக்காது.

அந்தச் சில நொடித் தாமதம்தான் என்னைத் தண்ணீரிலேயே நிற்க வைத்தது. குப்பத்து டவர் தன் அலையை மங்கம்மாவின் செட்டிலிருந்து விலக்கத்தான் பார்க்கிறது. ஆனால் அவர் இப்போது நிற்கும் இடத்திலிருந்து அல்ல, சில நொடிக்கு முன் நின்ற இடத்திலிருந்து. அவர் நின்றுவிட்டால் அந்தப் பழைய நிலவரமே புதிய நிலவரமாகிவிடுகிறது, சரியாகிறது. நடந்தால் டவர் காலியான இடத்துக்கு மரியாதை செய்துவிட்டு, ஆள் இருக்கும் இடத்தில் சத்தத்தைக் கொட்டுகிறது. எங்கள் அலைக்கு ஓர் எட்டு என்பது பெரிய தூரம்.

ஆனால் ஒன்று இடித்தது. லாக்கின்படி ஏரிச் செட்டுகளின் நிலவரம் எல்லாம் புதியது. ஒவ்வொரு வரியிலும் அந்த நொடியின் நேரமே இருந்தது. தாமதமே இல்லை. ஒன்று மங்கம்மாவின் செட் பொய் சொல்கிறது, அல்லது லாக் பொய் சொல்கிறது.

கரையேறி, ஈரக் காலோடு நிலையத்துக்குப் போய், இங்கே செட்டுகள் அளந்த நேரத்தையும் குப்பத்து லாக்கில் விழுந்த நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். லாக்கில் இருந்தது செட் அளந்த நேரம் அல்ல. குப்பத்துக்கு வந்து சேர்ந்த நேரம்.

இதை யார் மாற்றினார்கள் என்று கான்ட்ராக்டரின் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டேன். குரலில் கடுமை இருந்தது, இவன்தான் ஆள் என்று நினைத்தேன். அவர் நிதானமாக ஒரு தாளை அனுப்பினார். தொடக்க விழாவுக்கு முதல் நாள் கொடுத்த அனுமதி. பழவேற்காட்டின் கடிகாரம் பிசகியிருந்தது. அதனால் அங்கிருந்து வரும் நிலவரத்தை எல்லாம் குப்பத்து டவர் நேரம் பொருந்தவில்லை என்று தள்ளிக்கொண்டிருந்தது. விழா மறுநாள். ‘வந்து சேரும் நேரத்தையே போட்டுக்கொள்ளலாமா’ என்று கேட்டிருந்தார்கள். மேலதிகாரி போனில், “ரிப்போர்ட் வருதா இல்லையா? வருதுன்னா தேதி எதுக்குப் பார்க்கறீங்க?” என்றார். கீழே என் கையெழுத்து.

விழா முடிந்ததும் கடிகாரத்தைச் சரிசெய்தார்கள். நேர முத்திரையை யாரும் பழையபடி மாற்றவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பழவேற்காட்டிலிருந்து போகும் அதே லிங்க்கில் மீன் மார்க்கெட் கேமராவின் படங்களை ஏற்றினார்கள். படங்கள் முன்னால் போயின, நிலவரம் வரிசையில் பின்னால் நின்றது. எதிர்த்திசையில் படம் ஏதும் இல்லாததால் அங்கே தாமதமில்லை. பழவேற்காட்டு டவருக்குக் கடலின் நிலவரம் உடனுக்குடன் தெரிந்தது, கடல் படகுகளை அது சரியாகத் தப்பவிட்டது. குப்பத்து டவருக்கு ஏரியின் நிலவரம் ஆறிப்போய் வந்தது, அது ஏரிக்காரர்கள் மேல் விழுந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அப்படியே ஓரவஞ்சனையாகத் தெரியும். ஒரு பக்கம் வாழ்கிறது, ஒரு பக்கம் வாடுகிறது, நடுவில் வாழ்கிற பக்கத்துப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். வஞ்சனை செய்தவர் யாரும் இல்லை. ஒரு டவருக்குத் தெரிந்தது இன்னொரு டவருக்குத் தெரியவில்லை. அதைவிட மோசம், தெரியவில்லை என்பதும் அதற்குத் தெரியவில்லை. அதற்குக் காரணம் நான்.

சுகந்தி மாற்றியது என்ன என்று லாக்கில் இப்போதுதான் ஊன்றிப் படித்தேன். தாமதம், நேர முத்திரை எதுவும் அவளுக்குத் தெரியாது. சேர்ந்து பேசினால் ஏரிக்குக் கேட்கவில்லை என்று மட்டும் கண்டுபிடித்தாள். மங்கம்மா தண்ணீரில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் இரண்டு டவரையும் முறைவைத்துப் பேசும்படி மாற்றிவிட்டாள். நிலவரமே தெரியாதபோது செய்யக்கூடிய சரியான காரியம் அதுதான். ஆனால் அதனால் அவளுடைய சொந்தக் குப்பத்துக்கு அந்த ஏறக்குறைய மூன்று மணி நேரமும் பாதிதான் கிடைத்தது. தேசிங்கு வாசலில் நின்றபோது அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் சுமத்திய குற்றத்திலிருந்து தப்ப வேண்டுமானால் அதைவிடப் பெரிய குற்றத்தை அவள் தன் வீட்டில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த ஏரியை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எந்த இடத்தில் எந்த ஊர் என்றைக்கு வலை போடலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வதற்கு இங்கே பாடு என்று பெயர். இந்தப் பாடு முறைக்காகக் கைகலப்பு நடந்ததுண்டு. இந்த உரிமை வலையும் படகும் உள்ள ஊர்களுக்கு மட்டும். கையால் பிடிப்பவர்களுக்கு, அதாவது கைப்பிடிக்கு, அதில் பங்கு கிடையாது. ஒதுங்கிய சேற்றில் மிஞ்சியதைத் தடவிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்த ஞாயிறு குப்பத்து ஏலக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மேலதிகாரி என்னிடம், “டெக்னிக்கல் ஃபால்ட், சரி பண்ணிட்டோம்னு மட்டும் சொல்லுங்க. அந்தப் பொண்ணு பேரும் வேண்டாம், உங்க பேரும் வேண்டாம்” என்று சொல்லி அனுப்பியிருந்தார். அது சுகந்திக்கும் நல்லதுதானே என்று எனக்குள் ஒரு குரல். என் கையெழுத்துக்கும் நல்லது என்று அதே குரல். இரண்டும் ஒரே குரலாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

நான் ‘டெக்னிக்கல்’ வரை வந்தேன். தேசிங்கு கையைத் தூக்கினார்.

“இருங்க சார். டெக்னிக்கல்னா பொண்ணு மேல தப்பு இல்ல, சந்தோசம். அப்ப காலையில எங்க நேரத்துல பாதிய தின்னது யாரு? பேயா?”

பெண்கள் பக்கத்திலிருந்து சுகந்தி எழுந்தாள்.

“நான்தான் மாமா.”

வலை பின்னிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

“இன்னாமா சொல்ற?”

“அவங்க தண்ணிக்குள்ள இருக்கற நேரத்துக்கு அவங்களுக்குப் பாதி, நமக்குப் பாதினு மாத்தி வச்சேன். காத்து அடிக்கப்போவுதுனு சொன்னா நமக்கு இன்ஜினு இருக்குது, ஓடியாந்துடுவோம். அவங்க இடுப்புத் தண்ணியில நடந்து கரைக்கு வரணும்.”

“கைப்பிடிக்குப் பாடா?” தேசிங்கின் குரல் கூரைக்குப் போனது. “எந்த ஊரு பஞ்சாயத்துல எழுதிக் குடுத்தாங்க?”

“யாரும் குடுக்கல மாமா.”

“அப்ப நீ யாரு குடுக்கறதுக்கு? உங்க நைனா ஊட்டு ஏரியா?”

பின்னாலிருந்து ஒருவர், “அது காத்துல போற அலைடா தேசிங்கு, அதுல எங்க போயி நீ வல கட்டுவ?” என்றார். சிலர் சிரித்தார்கள். தேசிங்கு சிரிக்கவில்லை.

“ஊட்லயே இருக்கறேன். என்னை ஒரு வார்த்த கேட்டியா நீ?”

“கேட்டிருந்தா குடுத்திருப்பியா மாமா?”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

“குடுத்திருக்க மாட்டேன்,” என்றார்.

அப்போதுதான் எனக்கு வெட்கம் வந்தது. அவள் சொல்லிவிட்டாள், அவரும் மறைக்காமல் சொல்லிவிட்டார், கையெழுத்துப் போட்டவன் மட்டும் டெக்னிக்கல் என்று நின்றுகொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் சொன்னேன். நேரத்தை மாற்றிப் போட அனுமதி கொடுத்தது நான், அதனால்தான் ஏரிக்குக் கேட்காமல் போனது, விசாரிக்காமல் இந்தப் பெண்ணின் மேல் எழுதியதும் நான். யாரும் என்னைத் திட்டவில்லை. தேசிங்கு மட்டும், “படிச்சவரு, கடியாரம் பாக்கத் தெரியலியா?” என்றார். பிறகு கணக்குப் பேசுபவர் போல முன்னால் வந்தார். “முகத்துவாரத்துல நாங்க உள்ள நுழையற நேரம் இருக்குது பாருங்க, அதுல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. மத்தது போவட்டும்.” அதை ஒப்புதல் என்று நான் எழுதிக்கொண்டேன். சுகந்தி வீட்டில் அதன் பிறகு என்ன பேசினார்கள் என்பது நோட்டில் இல்லை.

அளந்த நேரத்தைத் திரும்பப் போட்டோம். கேமராப் படங்களை வரிசையில் பின்னுக்குத் தள்ளினோம். அதன் பிறகும் சில நாள் தாமதம் வந்தது. ஆனால் இப்போது டவருக்கு அது தாமதம் என்று தெரிந்தது. தெரிந்தால் செய்ய நிறைய இருக்கிறது. புதிய நிலவரம் கையில் இருக்கும் டவர் முழுக்குரலில் பேசலாம். பழையது இருக்கும் டவர் குரலைத் தாழ்த்த வேண்டும், ரொம்பப் பழையதென்றால் முறைக்குப் போய்விட வேண்டும். பழைய நிலவரமும் குப்பை இல்லை. மங்கம்மாவின் செட்டில் தேசிங்குக்கான பேச்சு எப்போது, எவ்வளவு கலந்து விழுந்தது என்று அது சொல்லும். தேசிங்குக்கு இன்னும் போய்ச் சேராத அந்தத் துண்டைத் திரும்ப ஒருமுறை அனுப்பினால் அவருக்கு அது செய்தி. மங்கம்மாவின் செட்டோ அதைக் கொண்டு தன்மேல் விழுந்த கலப்பைக் கழித்துத் தன் செய்தியை மீட்டுக்கொள்ளும். ஓர் அனுப்புதலில் இருவருக்கும் பயன். முழு நேரம் கிடைக்காது, ஆனால் பாதியைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். இதெல்லாம் நீங்கள் பாடத்தில் கணக்காகப் படித்திருப்பீர்கள். பாடத்தில் எந்த டவருக்கு எது தெரியும் என்று முதல் வரியிலேயே கொடுத்துவிடுவார்கள். வேலையில் அந்த முதல் வரியை நீங்கள்தான் எழுத வேண்டும், எழுதியதைச் சந்தேகப்படவும் வேண்டும்.

கார்த்திகையில் இரண்டாவது அறிக்கை எழுதினேன். முதல் அறிக்கை தவறு, அதை நீக்கிவிடவும் என்று முதல் வரியிலேயே போட்டேன். சுகந்தியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சோதனை முடியும்வரை இருந்தாள். காலை முறையை அவள்தான் வைத்தாள், முகத்துவார நேரத்தை விட்டுவிட்டு. சோதனை முடிந்தது, யாரையும் நிரந்தரமாக்கவில்லை. அதில் அவளுக்கு மட்டும் அநியாயம் நடந்ததென்று சொல்ல முடியாது.

அதன் பிறகு வேறொரு கரையோரத் திட்டத்தில் ஆபரேட்டர் வேலைக்கு அவள் விண்ணப்பித்தாள். தகுதி இருந்தது. அனுப்பம்பட்டுக்காரரை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அவளைக் கூப்பிடவில்லை. எனக்குப் போன் செய்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை.

“சார், நீங்க மொதல்ல எழுதுனீங்களே, அது இப்ப எங்க இருக்குது?”

“எடுத்துடச் சொல்லி எழுதிட்டேன்மா.”

“எழுதுனீங்க சரி. எடுத்தாங்களா?”

அலுவலகத்துக்கு இரண்டு முறை கடிதம் எழுதினேன். இரண்டும் போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை வந்தது. பதில் வரவில்லை. இடையில் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். விண்ணப்பங்களைப் பார்த்தவர்களின் கையில் இருந்தது என் முதல் அறிக்கையா, இரண்டாவதா, இரண்டுமா, ஒன்றுமே இல்லையா என்பது எனக்குத் தெரியாது. இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை. உங்களில் யாருக்காவது அந்தக் கோப்பைத் திறக்கும் அதிகாரம் வந்தால், திறந்து பார்த்து, என்ன இருந்தது என்பதை எனக்கு எழுத வேண்டாம். சுகந்திக்கு எழுதுங்கள்.